சாயங்காலத்துக்கு மாறிய தெரு

நாகப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்து போய் ரொம்ப வருஷம் ஆன பிறகு நடந்தது இது. பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒருவர் ஒரு தெருவை வரைந்தார், அவ்வளவுதான்.

அவர் பெயர் அஞ்சப்பன். படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவர். கடை போர்டும் எழுதுவார். ஐம்பது வயது தாண்டிய பிறகு ஒரு நாள், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மருந்துக்கடை மாடியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற தில்லைநாயகியைத் தேடிப் போனார். தில்லைநாயகிக்கு இவரைவிட வயது ரொம்பக் குறைவு. கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு வந்தவர்.

"பிள்ளையச் சேக்கணுமா அண்ணே?"

"இல்ல. நான்தான்."

"உங்களுக்கு எதுக்கு? துறைமுகத்துல பாதிப் படகு உங்க கையெழுத்துதானே."

"எழுத்து வரும் டீச்சர். ஆளு வராது. ஒரே ஒரு படம் வரையணும். வரைஞ்சதும் போயிடுவேன்."

"யாரை வரையணும்?"

"சம்சாரத்தை."

தில்லைநாயகி மேலே ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஊரில் சில கேள்விகளை யாரும் இன்னொரு தடவை கேட்பதில்லை.

"முதல்ல ஒரு தெரு வரைங்க," என்றார்.

அவரிடம் ஒரு பழைய படப் புத்தகம் இருந்தது. முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் டச்சுக்காரர்கள் தங்கள் ஊர்களை வரைந்த படங்கள். சாமி இல்லை, ராஜா இல்லை. தெரு, வாய்க்கால், பாலம், செங்கல் வீடு, மேலே வானம். அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் தில்லைநாயகி நாகூர்ச் சந்துகளை வரைந்துகொண்டிருந்தார். அவர்கள் செய்த மாதிரியே தொடுவானத்தைக் கீழே இறக்கி, வானத்துக்கு நிறைய இடம் விட்டு, ஒரு பக்கத்து வீடுகளின் நிழலைத் தெருவின் குறுக்கே படுக்கவைத்து. படிக்க வருகிறவர்களையும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் வரையச் சொல்வார்.

அஞ்சப்பனும் வரைந்தார். வாசலைக் கழுவிக்கொண்டிருந்த டச்சுக்காரி அவர் படத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பாலத்தில் நின்ற நாய் நாகப்பட்டினத்து மீன் மார்க்கெட் நாயாக ஆனது.

"இவனுங்க ஊர்ல ஏன் டீச்சர் பாதிக்கு மேல வானம்?"

"தட்டை ஊரு. கடல் மட்டத்துக்கே கிடக்கும். நம்ம ஊர் மாதிரி."

"தண்ணி உள்ள வராதா?"

"வரும். கரை கட்டி வெச்சிருக்காங்க."

அஞ்சப்பன் இரண்டு வரிசை செங்கல் வரைந்தார். பிறகு தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல, "கரை கட்டினானுங்களா," என்றார்.

இன்னொரு நாள் கேட்டார். "ஆளுங்கள எறும்பு மாதிரி போட்டிருக்கான். ஒருத்தனுக்கும் முகம் இல்ல."

"அவங்களுக்கு ஊர்தான் முக்கியம். சில பேரு கட்டடத்தை மட்டும் வரைஞ்சு முடிச்சிட்டு, ஆளுங்களப் போடறதுக்கு இன்னொரு ஓவியரைக் கூப்பிடுவாங்க."

"கட்டறவன் ஒருத்தன், குடி வெக்கிறவன் ஒருத்தனா."

"அப்படியும் சொல்லலாம்."

அந்தப் புத்தகத்தில் ஒரு படத்தில் மட்டும் தெரு இல்லை. வெறும் இடிபாடு. மொட்டை மரம், பாதிச் சுவர், நடுவில் சின்னச் சின்ன ஆட்கள்.

"இது என்ன டீச்சர்?"

"வெடிமருந்துக் கிடங்கு வெடிச்சு ஊர்ல ஒரு பக்கமே போயிடுச்சு. இவரு அதையே திரும்பத் திரும்ப வரைஞ்சாரு. அது எத்தனை நாள் கழிச்சு வரைஞ்ச படமா இருந்தாலும், ஓரத்துல வெடிச்ச அன்னைக்குத் தேதியத்தான் போட்டிருக்காரு."

"இவருக்கு யாரு போனாங்க?"

"குழந்தைன்னு சொல்றாங்க."

அஞ்சப்பன் புத்தகத்தை மூடி வைத்தார். மறுநாள் வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தார்.

*

இப்படியே மூன்று வருஷம் போனது. பிறகு அவர் தன் சொந்தத் தெருவை வரையத் தொடங்கினார்.

அந்தத் தெரு இப்போது இல்லை. கடலைப் பார்த்து ஒரே வரிசையாக நின்ற ஓட்டு வீடுகள். மிஞ்சியவர்கள் எல்லாரும் ஊருக்குள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த காலனியில் இருக்கிறார்கள். அஞ்சப்பன் ஒவ்வொரு வீடாக ஞாபகத்திலிருந்து எடுத்து வைத்தார். குழாயடி, வலை காயப்போட்ட மூங்கில், தெருக்கோடியில் மாரியம்மன். டச்சுக்காரன் செங்கலை வைத்த பொறுமையோடு இவர் ஓட்டை அடுக்கினார்.

பழைய அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் ஒரு நாள் மாடி ஏறி வந்து பார்த்தார். படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"மச்சான், எங்க வீட்டு ஓட்டு மேல பூசணிக்கொடி கிடந்துச்சே. அதை எவன்டா பறிச்சான்?"

"போட்டுடறேன் மச்சான்."

"காயோட போடு. சும்மா கொடியப் போட்டு ஏமாத்தாத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இறங்கிப் போகும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

பூசணிக்கொடியும் வந்தது, காயும் வந்தது. அஞ்சப்பன் வீட்டு வாசல் மட்டும் காலியாகக் கிடந்தது.

அவருக்கு ஒரே பெண், இளவரசி. கடல் வந்த அன்றைக்கு நடை பழகுகிற குழந்தை. நீடாமங்கலத்தில் அத்தை வீட்டில் விட்டிருந்ததால் பிழைத்தாள். அம்மா பூமயிலை அவளுக்கு ஞாபகமில்லை. பார்க்க ஒரு போட்டோவும் இல்லை. பூமயிலின் அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா எல்லாருமே அதே தெருதான். எல்லார் கல்யாண ஆல்பமும் அந்தத் தெருவிலேதான் இருந்தது.

தையில் இளவரசிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை. நிச்சயம் ஆன அன்றைக்கே அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்: "நகை நட்டு உன்னால முடிஞ்சதைப் போடு. போடாட்டியும் போ. அம்மாவை மட்டும் வரைஞ்சு குடுத்துடு."

பத்திரிகை வைக்க வந்தவள் ஒரு நாள் மாடிக்கும் ஏறி வந்தாள். தில்லைநாயகிக்குப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றாள். ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா எங்கப்பா?"

"இன்னும் வரல்லம்மா."

"கல்யாணத்துக்குள்ள வந்துடுவாங்களா?"

"வந்துடுவா."

"வரட்டும். பந்தி முடியறதுக்குள்ள வரச் சொல்லு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அவள் செருப்புச் சத்தம் அடங்கும்வரை அஞ்சப்பன் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"வராது டீச்சர்," என்றார்.

"என்ன வராது?"

"வாசலைத் தொட்டுப் பாருங்க."

தில்லைநாயகி விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் மட்டும் வண்ணம் தடித்துக் கட்டியாக இருந்தது. வரைந்து, அழித்து, அதன் மேலேயே வரைந்து, மறுபடி அழித்து.

"முகம் மறந்துபோச்சு," என்றார் அஞ்சப்பன். "மூக்குத்தி தெரியுது. முன்பல்லு ஒண்ணு கொஞ்சம் ஏறி நிக்கும், அது தெரியுது. கழுத்துல மச்சம் தெரியுது. எல்லாத்தையும் சேத்தா வேற யாரோ வந்து நிக்கறாங்க. ஒரு தடவை எங்க கொழுந்தியா வந்துட்டா. ஒரு தடவை மார்க்கெட்டுல இறால் விக்குமே, அந்த அம்மா."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"எப்ப மறந்துச்சுன்னும் தெரியல டீச்சர். இருக்கு இருக்குன்னே நெனச்சிட்டிருந்தேன்."

தில்லைநாயகி விரலை வாசலிலிருந்து எடுத்தார்.

"டச்சுக்காரன் ஊர்ல ஆளப் போடறதுக்கு வேற ஆள் வருவாங்கன்னு சொன்னீங்கல்ல. நீங்க போட்டுடுங்க."

"நான் உங்க சம்சாரத்தைப் பாத்ததே இல்லையே அண்ணே."

"அங்க ஆள் போட வந்தவனும் பாத்திருக்க மாட்டான். எவளோ ஒருத்தி. நல்ல முகமாப் போடுங்க. இளவரசிக்குத் தெரியவா போவுது?"

"தெரியாது. அதான் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"நான் எந்த முகத்தைப் போட்டாலும் நம்பிடும் அந்தப் பொண்ணு. அதையே கும்பிடும். நாளைக்கு அது பிள்ளைகிட்ட, இவங்கதான் உன் ஆயான்னு காட்டும். நீங்களும் அங்க போறப்பெல்லாம் அந்த முகத்தைப் பாப்பீங்க. அப்புறம் உங்களுக்கும் அதுதான் ஞாபகம் வரும். மிச்சம் இருக்கிற மூக்குத்தியும் போயிடும்."

அஞ்சப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் உயரவில்லை. தணிந்துதான் போனது.

"மூணு வருஷமா செங்கல் வரைய வெச்சீங்க. முகம் எப்படிப் போடறதுன்னு ஒரு நாள் சொல்லித் தரல. அன்னைக்கே சொல்லித் தந்திருந்தா மறக்கறதுக்குள்ள போட்டிருப்பேன்."

"அன்னைக்கு ஞாபகம் இருந்துச்சா?"

அவர் வாசலை நகத்தால் சுரண்டினார்.

தில்லைநாயகி படத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னல் பக்கம் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார்.

"இது எந்த நேரத்து வெயில் அண்ணே?"

"காலை. வாசல்ல விழுது பாருங்க. கடல்லேருந்து வர்ற வெயில்."

"நீங்க வரைஞ்சது எல்லாமே காலைதான். டச்சுக்காரன் தெருவை வரைஞ்சப்பவும், அவன் ஒரு பக்கம் நிழல் போட்டிருந்தா அதைத் திருப்பிப் போட்டுக் காலையாக்கிட்டீங்க. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எனக்கே தெரியாது."

"தெரிஞ்சு செஞ்சீங்கன்னு சொல்லல."

கடல் வந்த நாளைப் பற்றி ஊரில் யார் பேசினாலும் வெயிலைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். மழை இல்லை, காற்று இல்லை, அவ்வளவு நல்ல வெயில் என்பார்கள்.

"அந்தக் காலைல நீங்க எங்க இருந்தீங்க?"

"திருவாரூர்ல. ஒரு ஜவுளிக்கடை போர்டு. முதல் நாள் சாயங்காலமே போயிட்டேன்."

"அப்ப இந்தக் காலைய நீங்க பாக்கவே இல்ல."

"எல்லாரும் சொன்னாங்க."

"சொன்னதை வரைஞ்சிருக்கீங்க."

அஞ்சப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். தில்லைநாயகியும் எதிரில் உட்கார்ந்தார்.

"ஒரு கதை சொல்றேன். நடந்ததான்னு கேக்காதீங்க," என்றார்.

"சொல்லுங்க."

"அந்த நாட்டுல, இந்தப் புத்தகத்துல இருக்கிற ஆளுங்க எல்லாம் செத்து ரொம்ப காலம் கழிச்சு ஒருத்தர் வந்தாரு. அவருக்கும் ஊரை வரையத்தான் ஆசை. ஆனா அதுக்குள்ள ஊர் பாதி மாறிடுச்சு. வாய்க்கால மண்ணு போட்டுத் தூத்துட்டாங்க. கோட்டை வாசலை இடிச்சிட்டாங்க. அதனால பழைய படங்களைப் பாத்து வரைஞ்சாரு. ஒண்ணுலேருந்து பாலம், ஒண்ணுலேருந்து மணிக்கூண்டு. வானம் எவ்வளவு விடணும், நிழல் எங்க விழணும், எல்லாம் அவங்க சொன்னபடி. ஊரே பாராட்டுச்சு."

"நம்ம மாதிரிதான்."

"நம்ம மாதிரிதான். அவர் சம்சாரம் மட்டும் ஒண்ணும் சொல்லல. ஒரு நாள் கேட்டாரு, ஏன் உனக்குப் பிடிக்கலயான்னு. அழகாத்தான் இருக்கு, உள்ள போகத்தான் தோணலன்னு சொல்லிச்சு அந்தம்மா. ஏன்னு கேட்டாரு. இந்த வெயில்ல நாம நின்னதே இல்லையேன்னு சொல்லிச்சு."

"ம்."

"மறுநாள் அவரு தன்னோட தெருவுல போய் நின்னாரு. புதுத் தெரு. பாக்க ஒண்ணும் இருக்காது. பொழுது சாயற வரைக்கும் நின்னாரு. அந்த வெளிச்சத்தை எடுத்துட்டு வந்து அந்தப் பழைய பாலத்து மேலயும் மணிக்கூண்டு மேலயும் போட்டாரு."

"நல்லா வந்துச்சா?"

"கொஞ்சம் இருட்டா வந்துச்சு. பாராட்டினவங்க குறைஞ்சிட்டாங்க."

"அட போங்க டீச்சர்."

"ஆனா அந்தம்மா படத்துக்கிட்ட வந்து, பாலத்து மேல விரலை வெச்சு, அந்தப் பக்கக் கரை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போச்சாம். அவ்வளவுதான் கதை."

அஞ்சப்பன் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "அப்ப பழைய ஆளுங்ககிட்டருந்து அவரு எதைத்தான் எடுத்துக்கிட்டாரு?"

"வீடு, பாலம், வானம் எல்லாத்தையும் வெச்சுக்கிட்டாரு. வெயிலை மட்டும் திருப்பிக் குடுத்துட்டாரு."

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணியைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"அந்தச் சாயங்காலம்தான். சைக்கிள்ல பெயிண்டு டப்பாவக் கட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போயிட்டேன். என்னவோ தோணித் திரும்பிப் பாத்தேன். குழாயடிலேருந்து குடத்தோட உள்ள போயிட்டிருந்தா. ஒரு கையில சேலையத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு வாசப்படி ஏறுறா."

"திரும்பினாங்களா?"

"கூப்பிட்டேன். நாளைக்கு மத்தியானம் வந்துடுவேன்னு சொல்றதுக்கு. குழாயடில ஒரே சத்தம். காதுல விழல. உள்ள போயிட்டா."

தில்லைநாயகி எழுந்துபோய் நீலமும் கருப்பும் மண் நிறமும் கலந்து தட்டில் வைத்தார். தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"அப்ப சாயங்காலம் ஆக்குங்க."

"தெரு மொத்தத்தையுமா?"

"உங்க வாசலுக்கு மட்டும் தனியா சாயங்காலம் ஆவாதே அண்ணே."

*

கடலைப் பார்த்த வீடுகளுக்கு முதலில் இருட்டும். சூரியன் முதுகுப் பக்கம் இறங்கும். வீட்டு நிழல் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மணலில் போய் விழும்.

அஞ்சப்பன் ஒவ்வொரு வாசலாக வெயிலை எடுத்தார். அவர் கையாலேயே வைத்த வெயில். பூசணிக்காய் கறுத்தது. வலை கறுத்தது. மாரியம்மன் கோயிலில் ஒரு விளக்கு மட்டும் வைத்தார். தென்னை உச்சியிலும் வானத்திலும் கொஞ்சம் வெளிச்சத்தை விட்டார். குழாயடியில் பெண்களைப் போட்டார், டச்சுக்காரன் போட்ட அளவுக்கு. முகம் இல்லை. ஆனால் பழைய அடுத்த வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது, ஒருத்தியைக் காட்டி, "இது எங்க அக்கா," என்றார். இருட்டாகிவிட்டது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பூசணிக்காயைத் தேடவும் இல்லை.

கடைசியாக வாசல். கட்டியாக இருந்த வண்ணத்தைப் பிளேடால் சுரண்டி எடுத்தார். அதன் மேல் ஒரு முதுகு. இடுப்பில் குடம், அதற்குச் சாய்ந்த உடம்பு, தூக்கிப் பிடித்த சேலை, படியில் ஏறிய ஒரு கால், கீழே இன்னும் எடுக்காத ஒரு குதிகால். படகில் ஓர் எழுத்து எழுதுகிற நேரம்கூட ஆகவில்லை.

வரைந்து முடித்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

கல்யாணம் முடிந்து திருப்பூர் கிளம்புகிற அன்று இளவரசி படத்தை எடுத்துப் போக வந்தாள். மாப்பிள்ளை கீழே ஆட்டோவில் காத்திருந்தார்.

"ஏன்ப்பா இப்படி இருட்டா இருக்கு?"

"சாயங்காலம்மா."

அவள் தேடினாள். குழாயடியில் தேடினாள், கோயில் பக்கம் தேடினாள். பிறகு வாசலில் நின்றுவிட்டாள்.

"இவங்களா?"

"ம்."

"அந்தப் பக்கம் திரும்பி நிக்கறாங்க."

"தண்ணி பிடிச்சிட்டு உள்ள போறா."

ஜன்னல் கம்பிக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இளவரசி முகத்தைப் படத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். மூச்சுப் பட்டுவிடும் என்று தில்லைநாயகி சொல்ல வந்து, சொல்லவில்லை.

"இவ்வளவு ஒல்லியாவா இருந்தாங்க?"

"ஒல்லிதான். குடம் வேற நிறைஞ்சிருக்கு. சாஞ்சிருக்கா."

"உள்ள என்னப்பா இருக்கு?"

"அடுப்பு. உன் தூளி."

கீழே ஹாரன் அடித்தது. கொண்டுவந்த போர்வையில் படத்தைச் சுற்றினாள். சுற்றும்போது வாசல் இருந்த பக்கத்தைக் கடைசியாக மூடினாள். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, படி தெரியாமல், பக்கவாட்டில் காலை வைத்து வைத்து இறங்கினாள்.

ஆட்டோ போகிற சத்தம் கேட்டது.

அஞ்சப்பன் படம் இருந்த வெறும் ஸ்டாண்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தில்லைநாயகி பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. முகம் இல்லாமலே அனுப்பிட்டேன் டீச்சர்."

"முகம் இருந்திருந்தா பாத்துக்கிட்டிருப்பா. இப்ப அம்மான்னு கூப்பிடுவா."

"கூப்பிட்டா திரும்ப மாட்டாளே."

தில்லைநாயகி ஒரு பிரஷ்ஷை உதறி, துணியில் துடைத்து, நிமிர்த்தி வைத்தார்.

"அன்னைக்கு உங்களுக்கும்தான் திரும்பல. நீங்க கூப்பிடறத நிறுத்திட்டீங்களா அண்ணே?"